பச்சமுத்து வண்டியின் கண்டக்டர்

"அவ்வமயம் நடத்துநர் திரு. அரங்கநாதன், தமது இருக்கையை விட்டு அகலாது, பதற்றமுற்ற பயணிகளுக்கு ஆறுதல் கூறியவண்ணம் இருந்தார். சக ஊழியரின் பெருமையைத் தமது பெருமையாகவே கருதும் பண்பாளர்."

ஓட்டுநர் பச்சமுத்துவுக்குப் பதக்கம் கொடுத்த அன்று வாசிக்கப்பட்ட பாராட்டுரையில் கண்டக்டருக்கு ஒதுக்கிய இடம் இவ்வளவுதான். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. மற்றபடி, அரங்கநாதனுக்கு அந்த வண்டியில் இருக்கை என்று ஒன்று இருந்ததே கிடையாது. சட்டப்படி அவருக்குரிய சீட்டில் எப்போதும் யாராவது ஒரு பிள்ளைத்தாய்ச்சியோ, இல்லாவிட்டால் ஒரு கூடைக் கோழியோ உட்கார்ந்திருக்கும். ஆறுதல் சொல்வது அவருக்கு வராது. முழு நோட்டை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் அவருக்கே யாராவது ஆறுதல் சொல்ல வேண்டும். சக ஊழியரின் பெருமையோ, பல வருடமாக அவர் வயிற்றில் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

அரங்கநாதன் களமருதூர்க்காரர். அப்பா, அம்மா இருவரும் அன்றாடக் கூலிக்கு நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள். அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் அவர். எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்து, அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தபோது, ஊரே வந்து அவர் காக்கிச் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. பெண் வீட்டார் தேடி வந்தார்கள். ராணியம்மாளைக் கட்டிக்கொண்டார். நல்ல வேலை கிடைத்துவிட்டது, இனி மேலே மேலே போவது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தார்.

விதிப்புத்தகமும் அப்படித்தான் சொன்னது. வண்டி கண்டக்டரின் பொறுப்பு. அவர் விசில் ஊதினால்தான் டிரைவர் வண்டியை நகர்த்தலாம். ஊதினால் நிறுத்த வேண்டும். ஆக, வண்டியில் பெரியவர் கண்டக்டர்தான். புத்தகம் படித்தவர்கள் புத்தகத்தை நம்பி ஏமாறுவார்கள். படிக்காதவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பச்சமுத்து படிக்காதவர். திருக்கோவிலூர்ப் பக்கத்து ஊர். எட்டாம் வகுப்பில் தோற்று, லாரியில் கிளீனராகி, லைசென்ஸ் வாங்கி, அரங்கநாதன் சேர்ந்த அதே நாளில் டிரைவராகச் சேர்ந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வண்டிக்கு இருவரையும் சேர்த்தே போட்டார்கள். ஒரு வருடத்துக்குள் மலையில் அந்த வண்டிக்குப் 'பச்சமுத்து வண்டி' என்று பெயர் விழுந்துவிட்டது. "பச்சமுத்து போயிட்டானா?" என்றால் வண்டி போய்விட்டதா என்று அர்த்தம்.

டீக்கடையில் பச்சமுத்துவுக்குப் பால் ஜாஸ்தி, தண்ணி கம்மி; கண்டக்டருக்கு அது நேர்மாறு. பலாப்பழக் காலத்தில் முதல் பழம் இன்ஜின் பெட்டிமேல் வந்து உட்காரும். கொம்புத்தேன், சாமை, கடுக்காய், எல்லாம் முன்பக்கமாகவே ஏறும். பின்பக்கமாக ஏறுவது சண்டை மட்டும். ஒரு குக்கிராமத்தில் பிள்ளைக்குப் பச்சமுத்து என்று பெயர் வைத்து, அந்தப் பிள்ளைக்கு அரை டிக்கெட் வயசு வந்தபோது, டிக்கெட் கிழித்துக் கொடுத்ததும் அரங்கநாதன்தான்.

புளி விற்கக் கள்ளக்குறிச்சி சந்தைக்கு வாரம் தவறாமல் வரும் செல்லியம்மாள் ஒருநாள் அவரைக் கேட்டாள்:

"இத்தினி வருசமா வர்றியே, ஒம் பேரு இன்னா கண்டக்டரே?"

"அரங்கநாதன்."

"நல்ல சாமி பேருதான். ஏன் யாரும் கூப்பிடறதில்ல?"

அவர் விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அவருக்கு இருந்த ஒரே அதிகாரம் அதுதான். எல்லோரும் ஏறி, கதவும் சாத்திய பிறகு, விசிலை ஊதாமல் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பச்சமுத்து பதறினால் அவருக்குப் போதும். பச்சமுத்துவோ ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு, "ஆவட்டும், கண்டக்டரு கணக்குப் பாக்கறாரு போல" என்று ஜனங்களைச் சமாதானப்படுத்துவார். தாமதத்துக்குத் திட்டு கண்டக்டருக்கு வரும். பொறுமைக்குப் பேர் டிரைவருக்குப் போகும்.

"அவருக்குச் சம்பளம் ஒங்களுக்கு மேலயா?" என்று ராணியம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"ஏறக்குறைய ஒண்ணுதான்."

"அப்புறம் இன்னா வயித்தெரிச்சல்? நீங்க பரிச்ச எழுதி இன்ஸ்பெக்டராப் போவீங்க. அந்த ஆளு கடசி வரைக்கும் அதே சீட்ல ஒக்காந்துக்கினு இருப்பாரு."

"அந்த சீட்டுதாண்டி" என்றார் அரங்கநாதன்.

அந்த சீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட முடிவு செய்தார். ராணியம்மாளின் தங்கை புருஷன் பாவாடை, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்கு டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிறவன். அரவைப் பருவத்தில் ஆலை வாசலில் டிராக்டரும் மாட்டுவண்டியுமாக வரிசை நீண்டு கிடக்கும். முன்வண்டி நகர்ந்தால் பத்தடி நகர வேண்டும். பிறகு நிற்க வேண்டும். இப்படியே ஒரு பகல் போகும். கியர் போட்டுக் கியர் எடுத்தே பாவாடைக்குக் கால் மரத்துப் போயிருந்தது. சகலை தானாக வந்து கேட்டதும் கும்பிடாத குறையாகச் சாவியைக் கொடுத்தான்.

"நீ நவுத்திக்கினு இரு சகலை. நான் கரும்பு மேல ஒரு கண்ணு அசந்துட்டு வரேன். மோதுனா மட்டும் எழுப்பு."

விடுப்பு நாளெல்லாம் அரங்கநாதன் அங்கே போனார். இரண்டு பருவம் போனார். கிளட்ச்சை மிதிப்பதிலும், முன்னால் நிற்கும் மாட்டின் வாலில் படாமல் நிறுத்துவதிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆனது. முதல் கியரில் பெரிய விற்பன்னர். இரண்டாவது கியரை அவர் பார்த்ததே இல்லை. அந்த வரிசையில் அதற்கு வேலையே இருக்கவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டோம் என்றே அவர் உண்மையாக நம்பினார். லைசென்ஸ் எடுக்கப் போகவில்லை. கண்டக்டர் எதற்கு ஹெவி லைசென்ஸ் எடுக்கிறார் என்று டிப்போவில் கேட்பார்கள், பச்சமுத்துவுக்குத் தெரிந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஐப்பசி மாதம் மழை விட்டிருந்த ஒரு மாலை. வண்டி வெள்ளிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பாதி மலையில் பச்சமுத்து வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கல்லடைப்பு. வேர்த்துக் கொட்டியது, கத்தக்கூட முடியவில்லை. சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்துவிட்டு அவரைத் தூக்கிப் பின்னால் நீள சீட்டில் படுக்க வைத்தார்கள். மேலே ஏறவும் வண்டி இல்லை, கீழே இறங்கவும் வண்டி இல்லை. அடுத்தது மறுநாள் காலையில்தான்.

மலைக்காரர்கள் அதற்கெல்லாம் அசருகிறவர்கள் இல்லை. "ரெண்டு கழி வெட்டுங்கடா. வேட்டிய அவுத்து டோலி கட்டு. ஆளுக்கொரு தோளு குடுத்தா அணக்கட்டுக்கு எறக்கிடலாம்" என்றார் ஒருவர். "நான் மொத தோளு" என்றான் ஒருவன். "நீ போன வருசம் மயங்கி வுழுந்தவன், தள்ளு" என்றான் இன்னொருவன். யார் முதலில் தூக்குவது என்று அடிதடியே வந்துவிடும் போலிருந்தது.

அரங்கநாதனுக்கு முழுக் காட்சியும் கண்முன் வந்தது. நாற்பது பேர் சூழ, தோள் மாற்றித் தோள் மாற்றி, உற்சவர் எழுந்தருளுவதைப் போலப் பச்சமுத்து மலையிறங்குகிறார். வழியெல்லாம் ஜனங்கள் கூடுகிறார்கள். பின்னால் பணப்பையை இடுக்கிக்கொண்டு கண்டக்டர் நடந்து வருகிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

அதை அவரால் தாங்க முடியவில்லை. பணப்பையையும் விசிலையும் செல்லியம்மாள் கையில் திணித்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஐயோ, நீயா ஓட்டப்போற?" என்றாள் செல்லியம்மாள்.

"நானேதான்."

"அப்ப நாங்க நடந்தே வரோம்."

நோயாளியையும் அவரைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேரையும் தவிர எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அரங்கநாதன் இன்ஜினை எழுப்பி முதல் கியரைப் போட்டார். மூங்கில்துறைப்பட்டில் கற்ற ஒரே வித்தை அதுதான். மலை இறக்கத்துக்குத் தேவையானதும் அது ஒன்றுதான். வண்டி உறுமிக்கொண்டே, செக்குமாட்டு நடையில் இறங்கியது. ஜனங்கள் இரண்டு பக்கமும் கையில் கல்லோடு கூடவே நடந்தார்கள். வளைவு வந்தால் சக்கரத்துக்குக் கொடுக்க ஓடி நின்றார்கள். செல்லியம்மாள் முன்னால் போய் ஒவ்வொரு வளைவிலும் ஆடு ஓட்டுகிறவளைப் போல விசில் ஊதினாள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கிழவர் கல்லைக் கீழே போட்டுவிட்டு, நடந்தபடியே படியில் ஏறி உள்ளே உட்கார்ந்தார். பிறகு ஒரு கைப்பிள்ளைக்காரி ஏறினாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் ஏறினார்கள். கண்ணாடியில் அதைப் பார்த்த அரங்கநாதனுக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு நிறைவு வந்ததில்லை.

மலையடிவாரத்தில் கோமுகி அணையில் ஒரு ஜீப் நின்றது. பச்சமுத்துவை அதில் ஏற்றிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இனி மலையில் தன் பெயரைச் சொல்லாமல் ஒருவரும் வண்டி ஏற முடியாது என்று நினைத்துக்கொண்டு அரங்கநாதன் அன்று வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பச்சமுத்து எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா. டிப்போ மேனேஜர் காலைலயே வந்தாரு. வலியோட வலியா நான்தான் ஓட்டிக்கினு வந்தேன்னு சொல்லிட்டேன்."

"நீயா? நீ படுத்துக்கினு இல்ல இருந்த!"

"லைசென்ஸ் இல்லாம கவர்மெண்டு வண்டியத் தொட்டா ஒன் வேல நிக்குமா? புள்ளகுட்டிக்காரன் நீ. செல்லியம்மா கிட்டயும் வண்டியில வந்த மத்தவங்க கிட்டயும் சொல்லி அனுப்பிட்டேன், யாரு கேட்டாலும் இதையே சொல்லணும்னு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் எறக்கின. ஆனா நடுவுல ரெண்டாவது கியர் போட்டிருக்கலாம்."

திட்டியிருந்தால் அரங்கநாதன் தூங்கியிருப்பார். வீட்டுக்கு வந்து, நடந்ததை நடந்தபடி மேனேஜரிடம் சொல்லிவிடப் போவதாக ராணியம்மாளிடம் சொன்னார்.

"சொல்லுங்க. சொல்லிட்டு வந்தீங்கன்னா நாளைக்கே ரெண்டு பேரும் களமருதூருக்குக் களையெடுக்கப் போலாம். நெசம் பேசினவன்னு வரப்புல ஒக்கார வச்சி சோறா போடுவாங்க?"

விசாரணையில் மேனேஜர் கேட்டார்: "யாருய்யா ஓட்டினது?"

அறைக்கு வெளியே செல்லியம்மாளும் இன்னும் நாலு பேரும் சாட்சிக்கு நின்றிருந்தார்கள். 'நான்தான்' என்ற சொல் அரங்கநாதனின் நாக்கு நுனி வரை வந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் இரண்டு பருவம் கரும்பு வரிசையில் நின்றார். அந்த ஒரு சொல்லுக்கு விலை அந்தக் காக்கிச் சட்டை.

"பச்சமுத்துதாங்க" என்றார்.

உடல்நோவைப் பொருட்படுத்தாமல் உயிர்களைக் காத்ததற்காகப் பச்சமுத்துவுக்குப் பதக்கம் வந்தது. டிப்போவில் விழா. பாராட்டுரையைத் திக்காமல் திருத்தமாக வாசிக்க எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் ஒருவர் வேண்டும் என்றார்கள். அரங்கநாதன் வாசித்தார். தன்னைப் பற்றிய இரண்டு வாக்கியம் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது; நண்பனை நினைத்து நெகிழ்ந்துவிட்டார் என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

சர்வீஸில் கரும்புள்ளி இல்லாததால் அவர் பரீட்சை எழுதிச் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆனார். சொந்த வீடு கட்டினார். மகளை டீச்சராக்கினார். களமருதூரில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்போது அவரைக் காட்டித்தான் சொல்வார்கள். அவரோ, வெள்ளிமலை வண்டியில் சோதனைக்கு ஏறும்போதெல்லாம் முதலில் டிரைவர் சீட்டைத்தான் பார்ப்பார்.

பச்சமுத்து ஓய்வு பெற்றபோது மலையில் அவருக்கு வழியனுப்பு விழா எடுத்தார்கள். அதற்குச் சற்று முன்பே ஓய்வு பெற்றிருந்த அரங்கநாதனும் போயிருந்தார். மாலையும் கழுத்துமாக எழுந்த பச்சமுத்து, "இனிமே சொன்னா யாருக்கும் வேல போவாது. அன்னிக்கி வண்டிய எறக்கினது நான் இல்ல, இந்த அரங்கநாதன்தான்" என்றார்.

கூட்டத்தில் விசில் பறந்தது. "இன்னா பெரிய மனசுய்யா! தான் செஞ்சதக் கூட்டாளிக்குக் குடுக்கறாரு பாரு!" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அரங்கநாதன் செல்லியம்மாளைத் தேடிப் பிடித்தார். "நீ கூடத்தான இருந்த? நீ சொல்லு."

செல்லியம்மாளுக்கு வயதாகியிருந்தது. அந்தக் கதையை இத்தனை வருடமாக எத்தனையோ பேருக்குச் சொல்லியிருந்தாள்.

"இருந்தேனே! விசிலு ஊதினதே நானு, எனக்குத் தெரியாதா? அந்த வலியோட எப்டி ஓட்டினாரு பச்சமுத்து! நீங்ககூடப் பின்னாடி நின்னுக்கினு எல்லாருக்கும் தைரியம் சொன்னீங்களே."

பாதி மலையிலிருந்து கோமுகி அணை வரை அன்று அந்த வண்டியை ஓட்டியவர் அரங்கநாதன்.