அவர் எண்ணில் ஒரு பெண் குரல்

சின்ன காஞ்சிபுரத்தில் தறி வீடுகளுக்குப் போய், தறியில் முடிகிற பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முறுக்கி இணைப்பது என் வேலை. சாம்பல் தொட்டு முறுக்கி முறுக்கி விரல் ரேகை தேய்ந்துவிட்டது.

விதவை உதவித்தொகை எடுக்க, சில மாதங்களுக்கு முன் வங்கிச் சேவை மையத்துக்குப் போனேன். எப்போதும் ஏதாவது ஒரு விரலை ஏற்கும் மிஷின், அன்று பத்தையும் ஏற்கவில்லை. அங்கிருந்தவர், "ரேகையே வுழலம்மா. போனுக்கு ஒரு நம்பர் வரும், அத்த சொல்லு" என்றார்.

வங்கியில் கொடுத்திருந்தது என் கணவரின் எண். அவர் போன பிறகு, இனி அவரை யார் கூப்பிடப்போகிறார்கள் என்று ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

வாசலில் நின்று அந்த எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன்.

"புது சிம்முக்கு இந்த நம்பரத்தான் குடுத்தாங்க. பேங்க் மெசேஜா வந்துக்கினு இருக்குது, உங்களுதாம்மா? ஒடனே நம்பர மாத்துங்க. வேற யார் கையிலனா கெடச்சிருந்தா, மொத்தத்தையும் சுருட்டிக்கினு போயிருப்பாங்க" என்றாள்.

மறுநாளே கிளைக்குப் போய் என் எண்ணைப் பதிந்தேன். இப்போது பணம் எடுப்பதற்கு முன், நம்பர் வராவிட்டாலும் ரேகையாவது விழட்டும் என்று மூன்று நாள் வேலைக்குப் போகாமல், விரலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கூலியை எந்த மிஷின் தரும்?

பணம் வந்த செய்தி என் போனுக்கே வருகிறது. வந்ததும் அவர் எண்ணுக்குப் போட்டு, "வந்துடுச்சும்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்கிறேன். சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?