சுவரில் அடித்துப் பழகியவள்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. கோபம்! யார் மேல்? படியுங்கள், தெரியும்.

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெண்கள் பூப்பந்துப் போட்டி. ஒருவரைத்தான் கிள்ளானில் நடக்கும் மாநில அணித் தேர்வுக்கு அனுப்பலாம். அனுப்பும் குழுவில் நாங்கள் ஐந்து பேர். பத்திரிகையில் எழுதுகிறவன் என்று எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

கடைசி ஆட்டம் லெட்சுமிக்கும் கீதாவுக்கும். கீதா, தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் மகள். ஆடினால் கண்ணை எடுக்க முடியாது... பயிற்சிக்கு மட்டும் வரமாட்டாள். லெட்சுமி பால்வெட்டுக்காரி. விடியலில் ரப்பர் மரங்களில் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் ஸ்டோர் சுவரில் தனியாகப் பந்தடிப்பாள். இரண்டு வருஷமாக! அந்தச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்பே இல்லை.

மூன்றாவது செட், பதினொன்றுக்கு எட்டு. ஜெயித்தது லெட்சுமி.

குழு கூடியது. தலைவர், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் பெருமாள், தாளை எடுத்தார். எழுதிய பெயர் — கீதா!

“ஜெயிச்சது லெட்சுமியாச்சே?” என்றேன்.

“அது செவுத்துல அடிச்சு அடிச்சுப் பழகுனது லா. அதுக்கு மேல வளராது. கீதாவுக்குப் பொறவித் திறமை. லேசா தட்டிவிட்டா எங்கேயோ போயிரும்.”

இன்னொருவர் சிரித்தார். “பால் வெட்டுற கை சார். மணிக்கட்டு தானா சுத்துது, அவ்ளோதான்.”

அட, தோட்டம் முழுக்கத்தானே பால் வெட்டுகிறது? மற்ற மணிக்கட்டெல்லாம் எங்கே போயின? உழைக்காதவன் தோற்றால் சோம்பேறி என்கிறோம். உழைத்தவள் ஜெயித்தால், உழைத்துத்தானே ஜெயித்தாள் என்கிறோம். என்ன நியாயம் இது?

இதையெல்லாம் அங்கே கேட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. இப்போது, வீட்டில் உட்கார்ந்து கேட்கிறேன். “எதிர்க்கிறவங்க கையத் தூக்குங்க” என்று மண்டோர் சொன்னபோது ஒரு கையும் எழவில்லை. என் கை மடியில் கிடந்தது. எதற்கு வீண் வம்பு என்று இருந்துவிட்டேன். வெட்கக்கேடு!

மனசு கேட்காமல் புதன்கிழமை பஸ் ஏறிப் போனேன். லெட்சுமி சுவர் முன்னால்தான் நின்றாள். வியர்வை சொட்டச் சொட்ட அடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கையைத் தூக்காததைச் சொல்லி, மன்னிப்பு மாதிரி எதையோ முணுமுணுத்தேன்.

அவள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது.

“பயிற்சி பண்ணாட்டி குத்தம். பண்ணி ஜெயிச்சாலும் குத்தம். நான் எப்படித்தாண்ணே வரணும்?”

பந்தின் இறகை விரலால் நீவிவிட்டாள்.

“அடுத்த வருசமும் ஆடுவேன். ஜெயிக்கிறத நான் பாத்துக்குறேன். அன்னிக்காச்சும் நீங்க கையத் தூக்குங்க.”

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். பஸ் நிறுத்தம் வரை அந்தச் சத்தம் கேட்டது.

கையைத் தூக்க எந்தப் பிறவித் திறமை வேண்டும், சொல்லுங்கள்?