யாரும் பார்க்காத வீடியோ

அமெரிக்காவின் டொலீடோ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் டோரீன் அன்று மாலைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். மகள் மேவ், கோடை விடுமுறையில் நியூயார்க் கல்லூரி ஒன்றில் மூன்று வாரம் நாடகம் பயிலத் தேர்வாகியிருந்தாள். கட்டணம் ஏழாயிரம் டாலர். டோரீனிடம் இருந்தது, ஓட்டைக் காரை மாற்றச் சேர்த்த பணம்தான்.

“‘உங்க பொண்ணு நடிப்பு எங்களை உலுக்கிடுச்சு, மேடம்!’” போனில் தேர்வைச் சொன்ன கல்லூரிக்காரியைப் போல மூக்கால் பேசிக் காட்டினாள் மேவ். “அவங்களே ஆடிப் போயிட்டாங்க, உனக்கு என்னம்மா?”

“உன்னை வளர்த்ததுல நான் எப்பவோ ஆடிப் போயிட்டேன்டி.”

பணம் கட்டுமுன் அந்த நடிப்பைப் பார்த்துவிட நினைத்து, மகள் தேர்வுக்காகக் கல்லூரிக்கு அனுப்பிய வீடியோ இணைப்பை டோரீன் தன் போனில் தட்டினாள். திறக்கவில்லை. மேவின் போனில் பார்த்தபோது புரிந்தது: வீடியோவைப் பிறர் பார்க்க முடியாதபடி மேவ் தவறுதலாகப் பூட்டியிருந்தாள். பார்த்தவர் எண்ணிக்கை பூஜ்யம்.

மகளுக்குத் திறமை இருக்கிறதென்று சொன்னவர்கள் இந்தக் கல்லூரிக்காரர்கள் மட்டும்தான்.

“என்னம்மா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?”

“அவங்க இதைப் பாக்கவே இல்லடி. பணம் கட்டுற எல்லாருக்கும் இதேதான் சொல்றாங்க போல. நான் கட்டப்போறதில்ல.”

மேவ் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“அப்ப நான் நல்லா நடிக்கிறேனா, இல்லையாம்மா?”

டோரீன் அந்தப் போனை நிமிர்த்தி, வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டாள்.