மோகனா நேர்ந்த முடி

மோகனா எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பல வருஷமாக வேலை செய்கிறவள். சூப்பர்வைசர் ஓவர்டைம் என்றால் சரி என்பாள், லீவு இல்லை என்றாலும் சரி என்பாள். ஜுருவில் பழைய கார் வாங்கி விற்கும் அண்ணன் ஜெயராஜ் எது சொன்னாலும் அதற்கும் சரிதான். அவள் கொஞ்சம் உரிமையோடு பேசுவது முருகனிடம் மட்டும்.

போன வருஷம் அந்த உரிமையில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள். கணவர் லோகேஸ்வரன் செபராங் ஜெயாவில் வேலை முடித்து மோட்டாரில் பினாங்குப் பாலத்தின் மேல் வரும்போது லாரி தட்டி விழுந்தார். ஆஸ்பத்திரியில் அறுவை செய்யும் டாக்டர் வெளியே வந்து, "செய்யறதைச் செய்யறோம், காத்திருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மோகனா முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். கொடுக்க என்ன இருக்கிறது என்று யோசித்தாள். அவள் முடி எப்போதோ கொட்டி எலிவால் மாதிரி ஆகியிருந்தது. அதைக் கொடுத்தால் சாமிக்கே சிரிப்பு வரும். மகள் லோஷினிக்குத்தான் இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். வீட்டில் அதைவிட அழகான பொருள் வேறு கிடையாது.

"முருகா, இவரைத் திருப்பிக் குடு. வர்ற தைப்பூசத்துக்கு எம் மக முடியைத் தர்றேன்."

மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நேரத்தில் யாருக்குக் கேட்கத் தோன்றும்?

லோகேஸ்வரன் பிழைத்தார். கால் கொஞ்சம் சாய்த்து நடக்கிறார், அவ்வளவுதான்.

அந்த ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவோடு காத்திருந்த லோஷினிக்கு டாக்டர் ஆக வேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. ஒரு தனியார் கல்லூரியில் பள்ளி முடித்ததும் நேராகச் சேரும் படிப்பு இருந்தது. முதலில் அறிவியல் பட்டம், அதன் தொடர்ச்சியாகவே மருத்துவம். நடுவில் மறுபடி இடம் தேடி அலைய வேண்டாம். ஓர் அறக்கட்டளை வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு முழுச் செலவும் ஏற்றுக்கொள்ளும். அந்த ஓர் இடம் கிடைத்தால்தான் லோஷினிக்கு அந்தப் படிப்பு. பள்ளியின் முன்தேர்வு முடிவை வைத்து விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். தேதியைப் பார்த்ததும் மோகனா காலண்டரைப் புரட்டினாள். தைப்பூசம் முடிந்த அதே வாரம்.

விஷயம் தெரிந்து ஜெயராஜ் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தார்.

"மொட்டைத் தலையோட டாக்டருங்க முன்னால போய் உக்காரப் போறாளா? நல்லாருக்குலா! பாக்கறவன் சீக்குன்னு நெனப்பான்."

"என்னாண்ணே செய்யறது? வாக்குக் குடுத்துட்டேனே."

"அடுத்த வருஷம் குடு. சாமி என்ன பேங்க்காரனா, நோட்டீஸ் அனுப்பறதுக்கு? இல்ல, மொட்டை போட்டே தீரணும்னா கொம்தார் கடைங்கள்ல விக் விக்கிறான். நான் வாங்கித் தர்றேன்."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த லோஷினி நிமிர்ந்தாள். "அதை நீங்களே வச்சுக்குங்க மாமா. உங்களுக்குத்தான் நடுவுல காலியாக் கெடக்கு."

லோகேஸ்வரன் சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறியது.

"இந்த வாயோட போனா ஒரு காலேஜும் எடுக்காது, பாத்துக்க" என்றார் ஜெயராஜ்.

அவர் போன பிறகு மோகனா மகளிடம் மெல்லச் சொன்னாள். "தப்பு எம்மேலதாம்மா. உன்னக் கேக்காம நேர்ந்துட்டேன். முருகன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அப்பா உயிரைக் கேட்டே. அவரு அடுத்த வருஷம் பாக்கலாம்னா சொன்னாரு?"

"உனக்குக் கோவமே இல்லியா?"

"இருக்கு. நிறையவே இருக்கு. அது உன் மேல. முருகன் மேல இல்ல."

தைப்பூசத்தன்று மலையடியில் லோஷினி குனிந்து உட்கார்ந்தாள். பின்னல் மோகனாவின் மடியில் விழுந்தபோது அவளுக்குத்தான் அழுகை வந்தது. மகள் சந்தனம் பூசிய தலையைத் தடவிப் பார்த்து, "காத்து ஜில்லுன்னு அடிக்குதும்மா" என்றாள்.

நேர்முக நாளில் ஜெயராஜ்தான் காரில் கூட்டிக்கொண்டு போனார். கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். சொன்னபடியே விக் வாங்கி வந்திருந்தார்.

"ஒரு மணி நேரம்தானே. போட்டுக்கிட்டுப் போகச் சொல்லு மோகனா. பிள்ளை வாழ்க்கையோட வெளையாடாதே."

லோஷினி அம்மாவைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தார். வழக்கமாக வரும் சரி என்ற வார்த்தை மோகனாவின் வாயில் வரவில்லை.

"வேணாண்ணே. உள்ள வைங்க."

"நான் நல்லதுக்குச் சொல்றேன்."

"தெரியும். உள்ள வைங்க."

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். பெற்றோரில் ஒருவரையும் கூட வரச் சொல்லியிருந்ததால் மோகனா பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. வயதான டாக்டர் ஒருவர் மகளின் தலையைக் காட்டி ஏதோ கேட்டார். மகளும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். அது என்ன என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் மோகனாவுக்குத் தெரிந்தது.

"உங்க அப்பாவைக் காப்பாத்தினது டாக்டரா, சாமியா?" என்று கேட்டாராம் அவர், அப்பாவுக்காக அம்மா நேர்ந்த முடி என்று லோஷினி சொன்னதும்.

"அறுத்துத் தைச்சது டாக்டர், சார். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா காத்திருங்கன்னு சொல்லிட்டு அவரு உள்ள போயிட்டாரு. வெளிய நின்ன எங்கம்மா என்ன செய்யணும்னு யாரும் சொல்லல. நாளைக்கு நானும் ஒரு அம்மாகிட்ட காத்திருங்கன்னு சொல்லுவேன். அந்த அம்மா வெளிய என்ன பாடு படுவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அந்தப் பதில் முடிந்ததும், குழுவில் இருந்த டாக்டர் ரொஸ்னா, முக்காடு போட்ட அம்மாள், மோகனா பக்கம் திரும்பி அக்கா என்ற முறையில் "காக்" என்று கூப்பிட்டு மலாயில் கேட்டார். "முடியை நேர்ந்தது நீங்களா? மகளைக் கேட்டீர்களா?"

"கேக்கல டாக்டர்" என்றாள் மோகனா. "கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் லோஷினி, அவளும் மலாயில்.

ரொஸ்னா சிரித்தார். வயதானவர் சிரிக்கவில்லை.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்த ஓர் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. அன்றைக்கே ஜெயராஜ் வந்துவிட்டார்.

"நான் அப்பவே சொன்னேன்ல? எல்லாம் அந்த மொட்டையால வந்தது."

"மொட்டையாலன்னு எழுதியிருக்கானா மச்சான்?" என்றார் லோகேஸ்வரன்.

"எழுதுவானா?"

முடியால் போனதா, வேறு பிள்ளை உண்மையிலேயே கெட்டிக்காரனா, கடவுளுக்குத்தான் தெரியும். லோஷினி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மோகனா சாமி விளக்கை ஏற்றிவிட்டுச் சும்மா நின்றாள். கேட்டதை ஒருமுறை கொடுத்தவரிடம் உடனே போய் இன்னொன்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு மகளின் கதவைத் தட்டினாள்.

"இந்த மாதிரி ரெண்டும் சேந்த படிப்பு வேற எங்க இருக்கு?"

கதவு திறக்க நேரமானது. "கோலாலம்பூர் பக்கம் ஒண்ணு இருக்கும்மா. அங்கயும் உதவி இடம் உண்டு. இன்னும் மூடல. புதுசா எடுத்த போட்டோ கேக்கறாங்க."

"பழசு இருக்குல்ல, பின்னலோட? அதை அனுப்பு" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் ஜெயராஜ்.

"புதுசு கேக்கறாங்கண்ணே" என்றாள் மோகனா.

மறுநாள் ஓவர்டைம் முடியாது என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு மகளை சூலியா ஸ்திரீட்டில் நாகூர் மீரானின் போட்டோக் கடைக்குக் கூட்டிப் போனாள். முடி அப்போதுதான் முளைத்துக் கம்பளி மாதிரி குத்திக்கொண்டு நின்றது. நாகூர் மீரான் பார்த்துவிட்டு உற்சாகமாகிவிட்டார்.

"கவலையே வேணாம்க்கா. கம்ப்யூட்டர்ல முடி வச்சுத் தர்றேன். குட்டையா வேணுமா, கல்யாணப் பொண்ணு மாதிரி நீளமா வேணுமா?"

"வேணாம் தம்பி. இருக்கறபடி எடுங்க."

"டாக்டர் படிப்புக்குன்னு சொல்றீங்க. எடுப்பா இருக்க வேணாமா?"

"இவ இப்படித்தான் இருக்கா. சேத்துக்கறவங்க இவளத்தானே சேத்துக்கணும்?"

"காதையாச்சும் கொஞ்சம் சின்னதா ஆக்குங்கண்ணே" என்றாள் லோஷினி.

"ஒண்ணும் ஆக்காதீங்க தம்பி. அது அவ அப்பா காது."

லோஷினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துத் தாடையைத் தூக்கிக் கேமராவை நேராகப் பார்த்தாள். வெளிச்சம் மின்னி அடங்கியது.

"எத்தனை காப்பி போடட்டும்க்கா? காலேஜுக்கு ரெண்டு போதுமே."

"நெறைய போடுங்க தம்பி" என்றாள் மோகனா.