கமலாட்சி டீச்சருக்கு விழுந்த ஓட்டு

லூமுட் படகுத்துறையில் குடும்பத்தோடு நின்றிருந்தேன். பங்கோர் தீவுக்குப் போகும் படகு வரக் கொஞ்ச நேரம் இருந்தது. எனக்குக் காத்திருப்பது ஆகாது. கைப்பேசியை எடுப்பதும் பைக்குள் வைப்பதுமாக இருந்தேன். அப்படி எடுத்த ஒரு தடவையில், ஈப்போவில் எங்கள் குனோங் ராபாட் வட்டாரத்து வாட்ஸ்ஆப் குழுவில் அந்தச் செய்தி கிடந்தது. கமலாட்சி டீச்சர் காலமாகிவிட்டார். கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. "வா, போலாம். படகு வந்துருச்சு" என்றார் கணவர். "நீங்க எல்லாரும் போங்க, நான் ஈப்போவுக்குப் போறேன்" என்று சொல்லி, கார்ச் சாவியை அவர் சட்டைப் பையிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் அழுகை வரவில்லை. என்மேல் எரிச்சல்தான் வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளை அவரிடம் படிக்க அனுப்பியவர்கள். எங்கள் தமிழ்ப்பள்ளியில் நான் சில வருடம் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். நான் சொந்தமாகப் பாலர்பள்ளி ஒன்றைத் தொடங்கும்வரை அவர் மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. சரியான விடைக்கு டீச்சர் சரி போடுவார். தவறான விடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் மட்டும் வரைவார். பெருக்கல் மாதிரி நாம் போடும் 'தப்பு' குறியை அவர் போட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் நான் சரசரவென்று தப்பு போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தபோது நோட்டை என் கையிலிருந்து வாங்கினார். "மீனா, இந்த நோட்டு வீட்டுக்குப் போகும். அந்த அம்மா எஸ்டேட்ல வளர்ந்தவங்க, படிக்கல. உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. இந்தக் குறி மட்டும் நல்லா தெரியும். பிள்ளைக்கு அடி விழும்" என்றார். நான் தலையாட்டினேன். மறுவாரமே மறந்தும் போனேன்.

பழைய ரப்பர் தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டியபோது வெளியேறிய குடும்பங்கள் நம் பக்கத்து அடுக்குமாடியில் இருக்கின்றன. டீச்சரிடம் படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கிருந்து வந்தவர்கள். அங்கே லிஃப்ட் பல மாதம் ஓடவில்லை. பக்கவாதம் வந்த ஒருவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ஒன்பது மாடி இறக்கினார்கள். அவருடைய மருத்துவக் கோப்பைப் பிடித்துக்கொண்டு டீச்சர் பின்னாலேயே இறங்கினார். அதற்கு முன்பே லிஃப்டுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருந்தார். மாநகர் மன்றத்துக்கு நின்று ஜெயிக்கலாம் என்றால் நம் நாட்டில் அதற்குத் தேர்தலே கிடையாது, நியமனம்தான். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது சட்டமன்றத் தேர்தல் ஒன்றுதான். ஓய்வு பெற்றிருந்த டீச்சர் சுயேச்சையாக நிற்கப் போவதாக அறிவித்தபோது பலர் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். ஆனால் மறுநாளே அவர் கூடப் போய்விட்டேன். சும்மா இருப்பது எனக்கு வராது.

பிரசாரம் என்றால் படி ஏறுவதுதான். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு டீச்சர் ஒரே பேச்சைப் பேசினார். "டீச்சர், எந்தக் கட்சி லா நீங்க?" என்று ஒருவர் வாசலில் சாய்ந்தபடி கேட்டார். "கட்சி இல்ல முருகையா. நான்தான் இருக்கேன். உன் மகனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தப்ப எந்தக் கட்சின்னு கேட்டியா?" என்றார் டீச்சர். அவர் ஒரு வீட்டில் உட்கார்ந்து முழுக்கதையும் கேட்பதற்குள் நான் நாலு வீட்டை முடித்துவிடுவேன். என் வாய்க்கு அவசரம் அதிகம். ஏழாவது மாடியில் மாரியாயி அக்காவும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் நடைபாதையில் கூடியிருந்தார்கள். "தங்கச்சி, தாள்ல என்ன போடணும்? போன வாட்டி யாரோ சொன்னாங்க, மறந்துருச்சு" என்றார் மாரியாயி அக்கா. எனக்கு அடுத்த மாடிக்குப் போக வேண்டும். "என்னக்கா இது? நம்ம டீச்சருக்கு சரி, மத்த ரெண்டு பேருக்கும் தப்பு. அவ்வளவுதான் லா!" என்று சிரித்துக்கொண்டே படியேறினேன். அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சொல் அங்கிருந்து மாடி மாடியாகப் பரவியது. அடுத்த நாள் பிள்ளைகள் கீழே அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

ஓட்டுத் தாளில் நமக்கு வேண்டியவர் பெயருக்கு நேரேதான் பெருக்கல் குறி போட வேண்டும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அடுக்குமாடிக்காரர்களின் ஓட்டை எண்ணிய வகுப்பறையில் டீச்சரின் முகவராக நான் உட்கார்ந்திருந்தேன். அதிகாரியாக இருந்த மலாய்க்காரத் தம்பி ஒவ்வொரு தாளாகத் தூக்கிக் காட்டினார். டீச்சர் பெயருக்கு நேரே அழகாக ஒரு சரி. மற்ற இரண்டு பெயருக்கும் நேரே பெரிய தப்பு. "ரோசாக்" என்று சொல்லிச் செல்லாத ஓட்டுக் கட்டில் வைத்தார். அடுத்ததும் ரோசாக். அதற்கடுத்ததும். ஒரு தாளில் சரிக்குக் கீழே 'நன்று' என்று தமிழில் எழுதியிருந்தது. டீச்சர் நோட்டில் எழுதுவாரே, அதே மாதிரி. அதுவும் ரோசாக். அந்தக் கட்டு ஏறிக்கொண்டே போனது. "இது எங்களுக்கு விழுந்த ஓட்டு, பாருங்க, சரி போட்டிருக்கு" என்று எழுந்து நின்று கத்தினேன். ஒரு தாளில் இரண்டு பேருக்குக் குறி விழுந்திருந்தால் செல்லாது என்று அந்தத் தம்பி பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னது விதி. உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் வெளியே என் காரில் காத்திருந்தார். முடிவுத் தாளை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். தன் பெயருக்கு நேரே இருந்த எண்ணை விரலால் தொட்டார். "செல்லாத ஓட்டு ஏன் மீனா இவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "எல்லா இடத்துலயும் அப்படித்தான் டீச்சர் இருக்கும்" என்றேன். "அப்ப நம்ம பிள்ளைங்க வீட்டுல யாரும் எனக்குப் போடல" என்றார். நான் காரை எடுத்தேன். அவரை வீட்டில் இறக்கிவிடும்வரை வேறு என்னென்னவோ பேசினேன்.

அதன்பிறகு அவர் அடுக்குமாடிப் பக்கம் போகவில்லை. லிஃப்ட் விஷயமாகக் கடிதம் எழுதுவதை மட்டும் விடவில்லை. எழுதி, என்னிடம் கொடுத்து அனுப்புவார். லிஃப்ட் ஓடத் தொடங்கிய நாளில்கூட என்னைத்தான் போய்ப் பார்த்து வரச் சொன்னார். மூன்று தடவை, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, ஒரே கேள்வியைக் கேட்டார். "நான் என்ன தப்பு செஞ்சேன்னு யாராச்சும் சொன்னாங்களா மீனா? சொன்னா திருத்திக்குவேன்." மூன்று தடவையும் இல்லை என்றேன். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று எத்தனையோ நாள் அவர் வீட்டு வாசல்வரை காரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒருநாள் விருந்தாளிகள் இருந்தார்கள். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். மற்ற நாளெல்லாம் எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

சாவு வீட்டில் அவரை எடுத்துச் சென்ற பிறகு, பந்தலில் மாரியாயி அக்கா என் கையைப் பிடித்தார். "தங்கச்சி, டீச்சருக்கு எங்க மேல என்ன கோவம்? தோத்ததுக்கு அப்புறம் எங்க பக்கமே வரலையே. நாங்க நீ சொன்ன மாதிரிதானே போட்டோம். அவங்க பேருக்குத் தப்பு போட எங்களுக்கு மனசு வருமா?" சுற்றி நின்ற பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். தங்கள் ஓட்டு செல்லாமல் போனது இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. கையை விடுவித்துக்கொண்டு காருக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதே ஐந்தாறு தடவை எழுந்து நடந்துவிட்டேன்.

அக்கா, அவருக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. நீங்கள் யாரும் தனக்கு ஓட்டுப் போடவில்லை என்று நினைத்தார். உங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார். நீங்கள் எல்லாரும் அவருக்குத்தான் போட்டீர்கள். உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தது நான். அதை அவரிடம் சொல்லாமல் மறைத்ததும் நான். அந்த ஓட்டையெல்லாம் சேர்த்து எண்ணியிருந்தால் அவர் ஜெயித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் பாயில் உட்கார்ந்திருப்பார் என்பது மட்டும் நிச்சயம்.

டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் கேட்ட அந்த ஒரு கேள்வி. மூன்று தடவையும் எனக்கு விடை தெரியும்.