நாலு வோல்ட்

மங்கலத்தில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டிகளைப் பழுது பார்ப்பவள் அன்புசெல்வி. அவள் டிரான்சிஸ்டர் மாற்றிக் கொடுத்த சாயப்பட்டறை டிரைவ் மறுபடி சூடேறி நின்றதும், டிரான்சிஸ்டர் விற்ற கம்பெனியின் இன்ஜினியர் அவள் வேலைதான் மோசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"ஓடறப்ப டிரான்சிஸ்டர்ல எத்தனை வோல்ட் நிக்குதுன்னு அளந்து பார்த்தீங்களா?" என்று பட்டறையில் நின்ற அவரிடம் கேட்டாள்.

"அது நொடிக்கு ஆயிரம் தடவை அணைஞ்சு அணைஞ்சு ஓடும். அணையறப்ப ஐந்நூறு வோல்ட் வரும். அதுக்கு நடுவுல ரெண்டு வோல்ட்டை, வோல்ட் காட்டற இந்த ஸ்கோப் திரையில பார்க்க முடியாதும்மா."

அளக்காமலேயே எழுதிவிட்டாரே என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஐந்நூறைத் தடுத்து, சின்ன வோல்ட்டை மட்டும் ஸ்கோப்புக்கு விடும் சர்க்யூட்டை டயோடு வைத்து அவர் கண்ணெதிரே சால்டர் செய்தாள். டிரைவை ஓட்டினாள். திரையில் நாலு வோல்ட் நின்றது.

"ரெண்டுதான் இருக்கணுமுங்க. மிச்சமெல்லாம் சூடாப் போகுது. கோளாறு உங்க டிரான்சிஸ்டர்லதானுங்க."

"சரி, வேற டிரான்சிஸ்டர் அனுப்பறோம்."

"அனுப்புங்க. அதுக்கு முன்னால, எழுதினதை அடிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

பேனாவை நீட்டியபடியே நின்றாள். அவர் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.