ஆணியில் மாட்டிய துண்டு

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை எடை போடுவது என் வேலை. விவசாயிகள் வேர்க்கடலை மூட்டையைக் கொட்டினால் செம்மண் புழுதி கூரை வரை எழும்பும். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வேன். சாயங்காலம் அதிலேயே முகத்தைத் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டு வந்து வீட்டு ஆணியில் மாட்டுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் மகளுக்கு வீசிங் வந்தது. ஆறு வயது. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவாள். முதுகைத் தடவுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். வாயில் வைத்து அடிக்கிற மருந்துப் பம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டுல தூசி, புகை எதுவும் ஆகாதுங்க" என்றார்.

மறுநாளே என் மனைவி இலவம்பஞ்சுத் தலையணையைத் தூக்கி எறிந்தாள். கொசுவத்தி போயிற்று, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போயிற்று. கட்டிலுக்கடியில் இருந்த கேப்பை மூட்டை அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிற்று. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அவள் கை வெடித்தது. வீசிங் மட்டும் போகவில்லை. யார்மேல் காட்டுவது என்று தெரியாத கோபத்தை அவள்மேல் காட்டினேன்.

"என்னாத்த தொடைக்கிற நீ?"

"நானும் காலைலேர்ந்து தொடைச்சிக்கினேதான இருக்கேன். இன்னும் எதத் தூக்கிப் போடச் சொல்ற?" என்று அழுதாள்.

இழுப்பு வந்த பிள்ளைக்குப் பனி ஆகாது, காதை மூடிக் கட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் கனமான துண்டு என்னுடையதுதான். ஆணியிலிருந்து எடுத்து, நானே அவள் தலையைச் சுற்றிக் கட்டி மடியில் வைத்துக்கொள்வேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் செய்தேன்.

ஒரு தடவை அந்தக் கட்டோடே நானும் மனைவியும் அவளை விழுப்புரத்துக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா துண்டை அவிழ்த்து, ஜன்னலோரம் ஒரு உதறு உதறினார். வெயிலில் புழுதி பறந்தது.

"நீங்க என்ன வேலைங்க பார்க்கறீங்க?"

சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. திருடனை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டியிருந்தோம். என் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. வெடித்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வேறு வேலை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து சட்டையும் துண்டும் வெளியே கொடியில்தான். பின்பக்கக் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவேன். என் சைக்கிள் சத்தம் கேட்டதும் மகள் ஓடி வருவாள். "வராத, அங்கியே நில்லு" என்று கை காட்டுவேன். நின்றுவிடுவாள். இழுப்பு குறைந்தது, முழுசாக விடவில்லை.

ஒரு விடியற்காலை பம்பு அடித்தும் அடங்கவில்லை. திக்கித் திக்கிக் கேட்டாள்: "அப்பா, உன் துண்டக் கட்டிவுடுப்பா. அது கட்டுனா எனக்கு நல்லாயிடும்."

அவள் அம்மாவின் துவைத்த புடவையைக் கிழித்துக் கட்டிவிட்டேன். அவள் அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வெளியே கொடியைப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.